டேட்டா கிராஃப் வகுப்பு எங்கே சறுக்குகிறது: ஆய்வு மாணவர் பயிற்சிக்கு அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

ஆய்வு மாணவர்களுக்குத் தரவுக் காட்சிப்படுத்தல் வகுப்பு நடத்தத் திட்டம் போடுகிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இப்படி ஒரு வகுப்பை அறிவித்தால் யார் யார் வருவார்கள் என்று முதலில் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். மணக்குடிக் கழிமுகத்தில் நண்டு எண்ணுகிற விலங்கியல் மாணவி, மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் கதிரியக்கம் அளக்கிற இயற்பியல்காரர், ரப்பர் விலையைப் பின்தொடரும் பொருளியல்காரர், வில்லுப்பாட்டுக் கதைகளை ஊர்வாரியாகத் தொகுக்கும் தமிழ்த்துறை மாணவர். நால்வரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்வார்கள். மென்பொருளின் மெனுவைப் பார்த்துப் பாடத்திட்டம் எழுதினால் நால்வரில் மூவருக்கு அது உதவாது. ஒவ்வொருவரும் தன் தீசிஸில் வைக்கப்போகிற ஒரே ஒரு படத்தைச் சுற்றித்தான் திட்டம் இருக்க வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான். கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வந்தவை.

ஐந்து சனிக்கிழமை, நாளுக்கு ஐந்து மணி நேரம், ஆக 25 மணி நேரம் என்று வைத்துப் பேசுகிறேன். பகுதிநேர ஆய்வாளர்களில் பலர் பள்ளியிலோ கல்லூரியிலோ பாடம் எடுப்பவர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமைதான் ஒத்துவரும். தலைப்புகள் எல்லாம் வகுப்பில் காதில் விழுகிற புகார்கள். உங்களுக்குக் கேட்கிற புகாருக்கு நேராகப் போகலாம், ஆனால் இரண்டாவதை மட்டும் எல்லாரும் படியுங்கள்.

“முதல் நாள் மதியம் வரை இன்ஸ்டால் பண்ணியே போச்சு”

முப்பது பேர் ஒரே வைஃபையில் ஒரே நேரத்தில் ஒரே கோப்பை இறக்கினால் இப்படித்தான் ஆகும். லேப் கணினி என்றால் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதை முந்தின வாரமே கேட்டு வையுங்கள். சொந்த லேப்டாப் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள்: வட்டில் இடம் இருக்கிறதா, விண்டோஸ் பயனர் பெயர் தமிழிலோ இடைவெளியோடோ இருக்கிறதா. இரண்டாவது பலருக்குத் தெரிவதில்லை. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் பழைய பதிப்புகள் அப்படிப்பட்ட பெயருள்ள கோப்புறையில் கூடுதல் பொதிகளை (பேக்கேஜ்) வைக்கத் தடுமாறும். பிழைச் செய்தியைப் பார்த்தால் காரணம் புரியவே புரியாது. தேவையான கோப்புகளை ஐந்தாறு பென் டிரைவில் போட்டு வந்து பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிப் பாதிக்கு என் தீர்வு வேறு: முதல் நாள் காலை கணினியைத் திறக்கவே வேண்டாம். கிராஃப் தாளும் பென்சிலும் போதும். “உங்க ஊர்ல ஜனவரி முதல் டிசம்பர் வரை மழை எப்படிப் பெய்யும்? ஒரு கோடா வரைங்க” என்று சொல்லுங்கள். குலசேகரம் பக்கத்திலிருந்து வருகிறவர் இரண்டு மேடு வரைவார்: ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கு ஒன்று, அக்டோபருக்குப் பின் வடகிழக்குக்கு ஒன்று. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த மண் இது. வயலோடு வளர்ந்தவர்கள் யோசிக்காமலேயே வரைந்துவிடுவார்கள். அஞ்சுகிராமம் பக்கத்தவர் வரைகிற கோட்டில் முதல் மேடு தணிந்திருக்கும். இந்தத் தாள்களைச் சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டு, “மாவட்டச் சராசரி என்று ஒரே கோடு போட்டால் இதில் எது மறையும்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் வகுப்பு தொடங்கிவிடும். அதற்குள் பின்வரிசையில் இன்ஸ்டால் வேலையும் ஓசையில்லாமல் முடிந்திருக்கும்.

“சார் தந்த டேட்டாவுக்கு வருது, எனக்க டேட்டாவுக்கு வரமாட்டேங்கு”

வகுப்புக்கு உண்மையான நோய் இதுதான். கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் “எனக்க” என்று சொல்லி இந்தப் புகாரை வைக்கும்போதெல்லாம் குறை எங்கள் திட்டத்தில்தான் இருந்திருக்கிறது. பயிற்சிக்கென்று உலகம் முழுக்கப் புழங்குகிற தரவுகள், பூவிதழ் அளவு, பெங்குயின் அலகு நீளம் போன்றவை, யாரோ துடைத்து அடுக்கி வைத்தவை. ஒரு ஆய்வு மாணவரின் எக்செல் ஷீட் அப்படி இருக்காது. நான் முதல் தடவை நடத்தியபோது 25 மணி நேரத்தில் 20 மணி நேரத்தைப் படம் போடவே ஒதுக்கினேன். கடைசி நாள் எல்லாரும் சொந்த ஷீட்டைத் திறந்தார்கள். ஒருவராலும் ஒரு படம் முடிக்க முடியவில்லை. அன்று மாலை மனம் மிகவும் கனத்துப்போய் வீடு திரும்பினேன்.

ஷீட்டைத் திறந்ததும் கண் எங்கே போக வேண்டும்? மேலே இரண்டு வரித் தலைப்பு இருக்கிறதா, செல்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணோடு “மி.மீ.” என்று அலகும் சேர்ந்து கிடந்தால் அது எண் அல்ல, எழுத்து. மஞ்சள் நிறம் பூசிய செல்லுக்கு மாணவர் மனதில் ஒரு பொருள் உண்டு, மென்பொருளுக்கு அது தெரியாது. அந்தப் பொருளைத் தனி நெடுவரிசையாக எழுதவைக்க வேண்டும். மழை அட்டவணையில் ஒரு நாளுக்கு எதிரே சிறு கோடு இருந்தால், மழை பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்று மாணவரிடமே கேளுங்கள். முன்னது பூஜ்யம், பின்னது வெற்றிடம். இரண்டையும் பூஜ்யமாக்கினால் சராசரி பொய் சொல்லும்.

தேதிக்கென்று ஒரு தனிச் சோதனை உண்டு. நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கம் ஒட்டியும் சில வலப்பக்கம் ஒட்டியும் நின்றால், எக்செல் மாதத்தையும் நாளையும் மாற்றிப் படித்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். 03/04 என்பதை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டிருக்கும்; 25/04-க்கு இருபத்தைந்தாம் மாதம் கிடையாது என்பதால் அதை எழுத்தாகவே விட்டிருக்கும். இந்தத் தொல்லை நம் ஊர் மாணவருக்கு மட்டும் வருவதல்ல. சில மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை எக்செல் செப்டம்பர், மார்ச் என்று தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் மனித மரபணுப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. வகுப்பில் இதைச் சொல்லுங்கள். தன் தவறு என்று கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் மாணவி நிமிர்ந்து உட்காருவாள்.

பிறகு அட்டவணையின் வடிவம். மாதங்களைப் பன்னிரண்டு நெடுவரிசையாக வைப்பது கண்ணுக்கு வசதி. படம் போடும் கருவிகள் பெரும்பாலும் கேட்பது நீள வடிவத்தை: ஊர், மாதம், மழை என்று மூன்றே நெடுவரிசை, ஒரு வரிக்கு ஒரு அளவீடு. அகலத்தை நீளமாக்கும் இந்த ஒரு வித்தையைப் படிய வைக்க முழுதாக மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். தரவைத் துடைத்து அடுக்குவதற்கு மொத்தம் எட்டு மணி நேரம் வேண்டும். மாணவர்களின் ஷீட்டை இரண்டு வாரம் முன்னதாகவே வாங்கிப் பாருங்கள். நோயாளி விவரமோ வீட்டுக் கணக்கெடுப்போ இருந்தால் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டே அனுப்பச் சொல்ல வேண்டும்.

“எதைக் கேட்டாலும் பார் சார்ட்தான் போடுதாங்க”

மூன்று மாதிரி எடுத்து, சராசரிக்கு ஒரு தூண் நிறுத்தி, தலையில் மீசை மாதிரி எரர் பார் வைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பு. மூன்று அளவீடுதான் என்றால் மூன்றையும் புள்ளியாகவே வைத்துவிடலாமே? தூணுக்குள் ஒளிந்திருந்த ஒதுங்கிய புள்ளி அப்போது வெளியே வரும். 2015-ல் டிரேசி வைஸ்கெர்பரும் உடன் ஆய்வாளர்களும் பிளாஸ் பயாலஜி இதழில் இதை வலியுறுத்தி எழுதியது உயிரியல் மாணவர்களுக்குக் கட்டாய வாசிப்பாக இருக்கட்டும். எரர் பார் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். திட்ட விலக்கம் தரவின் சிதறலைச் சொல்கிறது. திட்டப் பிழை என்பது அதை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது, சராசரி எவ்வளவு நம்பத்தக்கது என்பதைச் சொல்கிறது. படத்தின் அடியில் எது என்று எழுதாத படத்தை வகுப்பில் ஏற்காதீர்கள்.

ஆன்ஸ்கோம்பின் நான்கு தொகுப்புகளுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். 1973-ல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் செய்து காட்டியது: தொகுப்புக்குப் பதினொரு ஜோடி எண், நான்கிலும் ஒரு மாறியின் சராசரி 9, மற்றதன் சராசரி 7.5, ஒட்டுறவு (கோரிலேஷன்) ஏறத்தாழ 0.816. சுருக்க எண்களை மட்டும் பார்த்தால் நான்கும் உடன்பிறப்புகள். புள்ளியாகப் போட்டால் ஒன்று சாய்ந்த கூட்டம், ஒன்று வளைவு, ஒன்றில் ஒரு புள்ளி மட்டும் தனித்து மேலே, இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். எண்களை முதலில் கொடுங்கள், கணக்கிட விடுங்கள், அதற்குப் பிறகே வரையச் சொல்லுங்கள். வரிசை மாறினால் பயன் போய்விடும்.

இதற்கு நம் கடலோரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மீன்பிடி அளவை மாதவாரியாகத் தூணாக நிறுத்தினால், நடுவில் ஒரு பள்ளம் தெரியும். மீன் வளம் குறைந்தது என்று மாணவர் எழுதிவிடுவார். அது தடைக்காலம். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கரை, இரண்டு தடை: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள், விசைப்படகுகளுக்கு. ஜூன் முதல் இரண்டு வாரம் இரு பக்கமும் விசைப்படகு கட்டித்தான் கிடக்கும். வள்ளத்தில் போகிறவர்களுக்குத் தடை இல்லை, அதனால் சாளையும் நெத்தோலியும் கரைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். மாவட்ட மொத்தம் என்று ஒரே தூணில் இவை எல்லாவற்றையும் அடைத்தால் யாருக்கு என்ன புரியும்? துறைமுகவாரியாகத் தனித்தனிச் சிறு படம், தடை நாள்களுக்குப் பின்னால் மெல்லிய சாம்பல் பட்டை, விசைப்படகும் வள்ளமும் வேறு வேறு கோடு. கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால், இந்தப் படத்தைத் திருத்தும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

“ரெண்டும் சேர்ந்து ஏறுது பாருங்க சார்”

பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் இடது அச்சில், மழை வலது அச்சில். இரண்டு அச்சின் எல்லைகளையும் நம் விருப்பப்படி இழுத்தால் எந்த இரண்டு கோட்டையும் கைகோக்க வைக்கலாம். மாணவரிடம் வலது அச்சின் உச்ச அளவை மட்டும் இருமடங்காக்கச் சொல்லுங்கள், அந்த உறவு கண்முன்னே பிரிந்துவிடும். மேலே ஒன்று கீழே ஒன்று எனத் தேதி அச்சைப் பொதுவாக வைத்து அடுக்குவது நேர்மையான வழி. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இரண்டையும் அடிக்கணக்கில் ஒரே படத்தில் வைத்தால் பெருஞ்சாணியில்தான் எப்போதும் தண்ணீர் அதிகம் என்று தோன்றும். அணை மேலே போகப்போக விரியும், ஆகவே உச்சியில் ஓர் அடி ஏறுவதும் அடியில் ஓர் அடி ஏறுவதும் ஒரே கொள்ளளவு அல்ல. நீர் இருப்பைத்தான் ஒப்பிட வேண்டும் என்றால் கொள்ளளவின் சதவீதத்துக்கு மாற்றியே ஆக வேண்டும்.

“தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வருது”

தமிழ்த்துறை மாணவர் வகுப்பை விட்டு நழுவுவது இங்கேதான். இதை ஒரே கோளாறாக நினைக்காதீர்கள், நான்கு இருக்கின்றன, மருந்தும் வேறு வேறு.

வெற்றுக் கட்டங்கள் வந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி, அதன் பெயரைப் படக் கட்டளையில் சொன்னால் போதும். எழுத்து வருகிறது, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறது என்றால், படம் வரையும் பகுதிக்கு எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கத் தெரியவில்லை. ஆர் பயன்படுத்துகிறவர்கள் ராக் (ragg) என்ற பொதி வழியாகச் சேமித்தால் சரியாகும். பைத்தான் மொழியில் படம் வரையும் பொதியான மேட்பிளாட்லிப்பின் பழைய பதிப்புகளில் இது வராது. படத்தை எஸ்விஜி (SVG) கோப்பாக, எழுத்தை எழுத்தாகவே விட்டுச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து முடிக்கலாம். மூன்றாவது, சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்ததும் ஊர்ப்பெயர்கள் தலையில் கோடும் தொப்பியும் போட்ட லத்தீன் எழுத்துகளாக மாறுவது. தரவு கெடவில்லை. பயந்து சேமித்துவிடாமல் மூடிவிட்டு, டேட்டா மெனு வழியாக யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல் என்றால் அது யூனிகோடே அல்ல. மாற்றியில் போட்டு எடுத்த பிறகு ஒரு தடவை கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. பட விளக்கத்தில் “கொல்லங்கோடு” இரண்டு தடவை வந்தது, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று போலவே இருந்தன. ஓகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், முன்கொம்பும் பின்காலுமாக இரண்டு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு வித்தியாசம் கிடையாது, கணினிக்கு அவை இரண்டு ஊர். யூனிகோடு இயல்பாக்கம் என்ற ஒரு வரிக் கட்டளை இதைத் தீர்க்கும். குளச்சல், கொளச்சல் என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுதியதை மட்டும் மனிதர்தான் உட்கார்ந்து சேர்க்க வேண்டும்.

“மேப்ல எனக்க புள்ளி ஒண்ணையும் காணல”

பெரிதாக்கியிருக்கும் வரைபடத்தைச் சுருக்கிப் பாருங்கள். ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே புள்ளிகள் கூட்டமாக மிதந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. நம் மாவட்டம் வடக்கே 8 பாகை, கிழக்கே 77 பாகை. மாற்றிப் போட்டால் அங்கேதான் போகும்.

புள்ளி பக்கத்திலேயே, ஆனால் தப்பாக விழுந்தால் நிமிடக் கணக்கைப் பாருங்கள். 8 பாகை 5 நிமிடம் என்பதை 8.5 என்று எழுதினால் கன்னியாகுமரி முனை நாற்பத்தாறு கிலோமீட்டர் வடக்கே ஏறிக் களக்காடு பக்கம் போய் நிற்கும். ஐந்தை அறுபதால் வகுத்து 8.083 என்று எழுத வேண்டும்.

மக்கள்தொகைப் படம் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்துக்கு 18,70,374 பேர், நான்கு வட்டங்கள். இப்போது கிள்ளியூர், திருவட்டாறு சேர்த்து ஆறு. பழைய எண்ணைப் புதிய எல்லைக்கோட்டில் ஊற்றினால் இரண்டு வட்டம் வெறுமையாக நிற்கும், கல்குளமும் விளவங்கோடும் ஊதிப்போகும்.

“ஸ்கிரீன்ல நல்லா இருந்துச்சு, ஜெராக்ஸ்ல போயிருச்சு”

வானவில் நிறங்களின் வேலை. சிவப்பும் பச்சையும் ஜெராக்ஸில் ஒரே சாம்பலாகும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்களுக்கு நிறத்தாளிலேயே ஒன்றுதான். விரிடிஸ் வகை நிற வரிசை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரே சீராக ஏறும், சாம்பலிலும் ஒழுங்கு மாறாது. 2017-ல் மேட்பிளாட்லிப் அதைத்தான் இயல்பு நிறமாக்கியது. வகுப்பிலிருந்தே எல்லாரும் தன் படத்தைக் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி எடுத்து வரட்டும். படத்தை 9 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டுக் கைநீளத்தில் பிடித்து எழுத்து தெரிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

“எல்லாம் சரிதான் சார், எங்க கைடு சம்மதிக்க மாட்டாங்க”

முப்பரிமாண பை சார்ட் வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார்; மாணவி இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். இந்த இடத்தில் மாணவியைத் தைரியமாகப் பேசச் சொல்லி அனுப்புவது அநியாயம். அவளுடைய பட்டம் அங்கே இருக்கிறது. திட்டத்தில் நாம்தான் இடம் வைக்க வேண்டும்: நான்காவது சனிக்கிழமை பிற்பகல் வழிகாட்டிகளை அழையுங்கள், மரியாதையாக, கடிதம் வைத்து. ஒரே தரவுக்கு இரண்டு படம், ஒன்று சாய்ந்த பை, ஒன்று வரிசைப்படுத்திய கிடைத் தூண். “மூன்றாவது பெரிய பங்கு எதுங்க ஐயா?” என்று அவர்களிடமே கேளுங்கள். பொதுவான அளவுகோலில் இருக்கும் இடத்தைக் கண் துல்லியமாகப் படிக்கிறது, கோணத்தையும் பரப்பையும் அவ்வளவு படிப்பதில்லை என்று கிளீவ்லாண்டும் மெக்கில்லும் 1984-ல் சோதித்து எழுதியதை அதற்குப் பிறகு சொன்னால் போதும். மூத்த பேராசிரியர் ஒருவர் அப்படி ஒரு பிற்பகலில் தன் பழைய கட்டுரையின் படத்தைத் தானே எடுத்துக் காட்டி, “இதை எப்படி மாத்தலாம், சொல்லுங்க” என்று மாணவர்களிடம் கேட்டார். அதற்குப் பிறகு அந்தத் துறையில் யாரும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

“மூணரை மணிக்கெல்லாம் பாதி கிளாஸ் காலி”

பஸ். குளச்சலுக்கும் கருங்கலுக்கும் போகிறவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மூன்றுக்கு முடியுங்கள், கடினமான பகுதியைக் காலையில் வையுங்கள்.

“ஒரு மாசம் கழிச்சு யாரும் தொட்டுக்கூடப் பாக்கல”

சான்றிதழ் கொடுத்த நாளோடு முடிகிற திட்டத்துக்கு இது வரும். சான்றிதழுக்கு வருகைப் பதிவை மட்டும் அளவாக வைக்காதீர்கள். தீசிஸில் வைக்கத் தயாரான ஒரு படம், அதை அடியிலிருந்து மறுபடி உருவாக்கும் கட்டளைக் கோப்பு, அடியில் எழுதிய மூன்று வரி விளக்கம், இவை மூன்றும் வந்தால்தான் சான்றிதழ். கட்டளைக் கோப்பைப் பக்கத்து மாணவரின் கணினியில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே படம் வர வேண்டும். பெரும்பாலும் முதல் தடவை வராது, கோப்பின் முகவரி அவரவர் டெஸ்க்டாப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். அதை அங்கேயே திருத்திக்கொடுங்கள்.

ஐந்தாவது சனிக்கிழமைக்கு நான்கு வாரம் கழித்து இரண்டு மணி நேரம் மறுபடி கூடுங்கள். புதிய பாடம் எதுவும் வேண்டாம். அந்த மாதத்தில் சேர்ந்த புதிய தரவைப் பழைய கோப்பில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள், எங்கே நிற்கிறதோ அதை மட்டும் பாருங்கள். அந்தத் தேதியை முதல் அறிவிப்பிலேயே அச்சிடுங்கள். தேதி குறிக்கும்போது கோட்டாறு சவேரியார் திருவிழாவின் டிசம்பர் 3, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேர் ஆகிய மூன்றையும் ஒட்டிய சனிக்கிழமைகளை விட்டுவிடுங்கள்.